புலப்படமும் பதிவேடும் பிணங்கினால்: காரணங்களும் பரிகாரங்களும்

நிலமுடையோர்க்கு நிலத்துக்கு அடுத்தபடியாக அவசியமானது, அந்நிலம் இன்னாருடையது, இவ்வளவினது, இவ்விடத்தது என்று சொல்லும் பதிவேயாகும். முற்காலத்தில் இப்பதிவு கிராமக் கணக்கிலும் தாலுகாக் கச்சேரியிலும் காகிதமாக இருந்துவந்தது. இந்நாளில் அது கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. வெள்ளத்தால் பயிர் சேதமுற்ற காலத்து நிவாரணம், பயிர்க் காப்பீடு, விதை உரங்களுக்கான உதவித் தொகை, சாகுபடிக் கணக்கு ஆகிய யாவும் சர்வே எண்ணைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆகவே ஒரு குடியானவருடைய புலம் கம்ப்யூட்டர்ப் படத்தில் வெறுமையாகத் தோன்றுமாயின், அவர் பெயர் பட்டியலில் ஏறாமற்போகவும், உதவி தாமதமாகவும், சில சமயம் அடுத்த புலத்தாருக்குப் போய்ச் சேரவும் இடமுண்டு. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வரியும் செலுத்தப்பட்டிருக்கிறது, எனினும் படம் இல்லையென்கிறது. இத்தகைய பிணக்குகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை எம்முறையில் ஆராய்ந்து நீக்கலாம் என்பதைச் சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்ப் பகுதிகளை முன்னிட்டு இங்கே எடுத்துரைப்போம்.

இரண்டு புத்தகங்கள், ஒரு முடிச்சு

நம் நாட்டில் நில அளவைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. கர்னல் லாம்டன் என்பவர் 1802-ஆம் வருஷத்தில் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து மகா முக்கோண அளவையைத் தொடங்கினார். அதே நூற்றாண்டின் நடுவே சென்னை மாகாணத்தில் கிராமந்தோறும் வருவாய் அளவை நடைபெறலாயிற்று. 66 அடி நீளமும் 100 இணைப்புகளும் உள்ள சங்கிலியால் வயல்களை அளந்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் வரைந்தனர். பட்டாதாரர் பெயர், நிலவகை, விஸ்தீரணம், தீர்வை முதலியவற்றை அ-பதிவேட்டிலும் சிட்டாவிலும் அடங்கலிலும் எழுதினர். படம் ஒரு புத்தகம். கணக்கு வேறொரு புத்தகம். இரண்டையும் சேர்ப்பது சர்வே எண் ஒன்றே.

கம்ப்யூட்டர் வந்த பின்பும் இவ்வமைப்பு மாறவில்லை. தேசியத் தகவலியல் மையத்தார் அமைத்த கொலாப்லேண்ட் என்னும் மென்பொருளில் புலப்படங்கள் வரையப்பட்டிருக்கின்றன. பட்டா, சிட்டா விவரங்கள் தமிழ்நிலம் என்னும் பதிவேட்டில் இருக்கின்றன. கியூஜிஸ் போன்ற நிலப்பட மென்பொருள்களைக் கையாளுவோர், ஒரு பக்கம் படத்தையும் மறுபக்கம் தரவுத்தளம் எனப்படும் பதிவேட்டையும் வைத்து, ஜில்லா எண், தாலுகா எண், கிராம எண், சர்வே எண், உட்பிரிவு என்ற ஐந்தையும் சேர்த்து முடிச்சிடுகின்றனர். இம்முடிச்சு நழுவினால் படமும் பதிவேடும் தனித்தனியே குற்றமற்றவையாக இருப்பினும் புலம் வெறுமையாகவே தோன்றும்.

இதிலிருந்து விளங்கும் விதி ஒன்றுண்டு. புலம் காணப்படாவிடில் உடனே பதிவேட்டைத் திருத்துவதும் படத்தை மீண்டும் வரைவதும் கூடா. முதலில் முடிச்சைப் பார்க்கவேண்டும். நல்ல பதிவேட்டைத் தவறான படத்துக்கு இசைய மாற்றிவிட்டால், பிறகு எது மூலம் என்று அறிவது அரிதாகும்.

படமே திறவாவிடில்

குறைகளை அவற்றின் அறிகுறியால் வகுத்துக்கொள்ளுதல் நலம். படமோ பதிவேடோ அறவே திறக்கவில்லையென்றால், குறை பெரும்பாலும் வழியிலேயே இருக்கும். பெரிய அலுவலகங்களில் பதிவேடு வேறொரு யந்திரத்தில் வைக்கப்பட்டிருக்கும். இராயபுரத்து வழியாகத் துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கு லாரி ஒன்றை நினைத்துக்கொள்க. துறைமுகம் எங்குள்ளது, எந்த வாயிலில் நுழைவது, அனுமதிச் சீட்டு யாது, எந்தக் கிடங்குக்குப் போவது, அக்கிடங்கில் சரக்கை எடுக்க உரிமை உண்டா என்ற ஐந்தையும் ஓட்டுநர் அறிந்திருக்கவேண்டும். கம்ப்யூட்டரிலும் அவ்வாறே யந்திரத்தின் முகவரி, வாயில் எண், பயனர் பெயரும் கடவுச்சொல்லும், பதிவேட்டின் பெயர், அதைப் படிக்கவோ திருத்தவோ உரிமை என ஐந்தும் பொருந்தவேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்துக்கு வழக்கமான வாயில் எண் 5432.

திரையில் தோன்றும் செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தல் வேண்டும். 'டைம் அவுட்' என்று வந்தால் யந்திரத்திலிருந்து பதிலே இல்லை. முகவரி தவறு, அல்லது வலைத் தொடர்பு அறுந்திருக்கிறது. 'கனெக்ஷன் ரெப்யூஸ்டு' என்றால் யந்திரம் இருக்கிறது, வாயில் மூடியிருக்கிறது. தரவுத்தளம் ஓடவில்லை, அல்லது வாயில் எண் வேறு. 'பாஸ்வர்ட்' என்ற சொல்லுடன் மறுப்பு வந்தால் வாயில்வரை வழி சரியே, சீட்டுத்தான் செல்லவில்லை. உள்ளே சென்றபின் பதிவேடு இல்லையென்று வந்தால், பெயரையும் அதற்குரிய உரிமையையும் பார்க்கவேண்டும். செய்தி எந்தப் படியில் நிற்கிறதோ, அதற்கு முந்திய படிகளைச் சோதிப்பது வீண் வேலை.

புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸ் தன் யந்திரத்திலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். பிற யந்திரங்களை ஏற்குமாறு அதற்குத் தனியே கட்டளையிடல் வேண்டும். ஒரே சமயத்தில் 100 அழைப்புகளுக்கு மேல் ஏற்காத வரம்பும் அதற்கு இயல்பாக உண்டு. ஆகவே காலையில் திறந்த படம் நடுப்பகலில் பலர் வேலை செய்யும்போது திறவாவிடில், கடவுச்சொல்லை மாற்ற முற்படாமல் நெரிசலைக் கவனிக்கவேண்டும்.

பதிவேடு கோப்பாக இருந்தால் வேறொரு தொல்லை நேரும். ஷேப் பைல் என்பது பெயரளவில் ஒன்றாயினும், உருவம், சுட்டி, விவர அட்டவணை, ஆயக் குறிப்பு எனப் பல கோப்புகளின் கூட்டமாகும். ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் கலப்பையைக் கொண்டுபோய்க் கொழுவை வீட்டில் விட்டதற்கு ஒப்பாகும். எல்லாவற்றையும் ஒரே பெயருடன் சேர்த்தே நகலெடுக்கவேண்டும். கோப்பு இருந்த இடத்தை மாற்றினாலும் மென்பொருள் பழைய இடத்திலேயே தேடி, காணவில்லை என்று சொல்லும்.

படம் இருந்து விவரம் இல்லாவிடில்

இதுவே அதிகமாக நேருவதும் அதிகத் தீங்கு செய்வதுமான குறை. புலத்தின் எல்லை தெரிகிறது. உடையவர் பெயரும் விஸ்தீரணமும் வெறுமையாக இருக்கின்றன. இங்கே முடிச்சுத்தான் பொருந்தவில்லை.

உதாரணமாக, படத்தில் 112/2ஏ என்றும் பதிவேட்டில் 112-2ஏ என்றும் எழுதியிருந்தால் மனிதருக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. எண்ணுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் பொருந்தாது. கிராம எண் 007 என்பதை எண்ணாகக் கருதினால் 7 ஆகிவிடும். ஆதலால் சர்வே எண், கிராம எண் யாவற்றையும் எண்களாக வையாமல் எழுத்துகளாகவே வைக்கவேண்டும்.

எக்ஸல் அட்டவணையில் 12/3 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். 12/3ஏ மாறாது, 112/3-உம் மாறாது. ஆகவே ஒரு கிராமத்தில் எழுத்தில்லாத, 31-க்கு உட்பட்ட சிறிய சர்வே எண்களின் உட்பிரிவுகள் மாத்திரம் காணாமற்போயிருந்தால், காரணம் இதுவேயென்று முதலில் சந்தேகிக்கலாம். தட்டுவதற்கு முன்பே அப்பத்தியை எழுத்து வகையாக அமைத்தல் பரிகாரம். தேதியாய் மாறியதை உள்ளபடி மீட்க, மூலக் காகிதத்தைப் பார்த்தல் வேண்டும்.

கூட்டுப் பட்டாவில் ஒரு புலத்துக்கு நால்வர் உடையவராயிருப்பின், படத்தின் ஒரு உருவத்துக்கு எதிரே பதிவேட்டில் நான்கு வரிகள் இருக்கும். சாதாரண இணைப்பு அவற்றுள் ஒன்றை மட்டுமே காட்டும். மற்ற மூவர் நீக்கப்பட்டனர் என்று கலங்க வேண்டுவதில்லை. ஒன்றுக்குப் பல என்னும் இணைப்பை அமைக்கவேண்டும். ஆனால் அந்தப் படத்திலிருந்து நிவாரணப் பட்டியல் தயாரிப்பது பெருந்தவறாகும்.

இப்பகுதியின் விசேஷம்

வட சென்னைப் பகுதியில் இக்குறை மிகுதியாக நேர்வதற்குத் தனிக் காரணம் உண்டு. பழைய செங்கற்பட்டு ஜில்லா 1997-இல் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் ஜில்லா உண்டாயிற்று. 2011-இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. 2018-இல் திருவொற்றியூர் தாலுகா திருவள்ளூரிலிருந்து சென்னை ஜில்லாவுக்கு மாற்றப்பட்டது. ஒரு பிடி மண்ணும் நகரவில்லை. ஆனால் முடிச்சின் முற்பகுதியாகிய ஜில்லா எண்ணும் தாலுகா எண்ணும் மாறின. மாற்றத்துக்கு முன் வரைந்த படத்தையும் பின்னர் எடுத்த பதிவேட்டையும் சேர்த்தால், ஒரு கிராமம் முழுவதுமே வெறுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தனிப் புலம் மறைந்தால் உட்பிரிவைப் பார்க்க. கிராமமே மறைந்தால் கிராம, தாலுகா எண்களைப் பார்க்க.

மேலும், ஊர் நகரமாகும்போது நகர அளவை நடத்தப்பட்டு, வார்டு, பிளாக், நகர அளவை எண் என்ற புதிய வரிசை ஏற்படுகிறது. பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பு அட்டவணையே இங்கு முடிச்சாகும். அதைத் தனிப் பதிவேடாகப் பாதுகாத்து, ரத்தான எண்களை அழிக்காமல், எந்தத் தேதியில் எந்த எண்ணாகப் பிரிந்தது என்று குறித்து வைத்தல் வேண்டும். 112/2 என்பது 2ஏ, 2பி எனப் பிரிந்தபின், பழைய எண்ணுடன் கடன் பத்திரம் வைத்திருப்பவர் வந்து நின்றால் பதில் சொல்லக்கூடியது அவ்வட்டவணையே.

புலம் வேறிடத்தில் தோன்றினால்

எல்லை, பெயர் எல்லாம் சரியாயிருந்து, புலம் கடலிலோ அயலூரிலோ தோன்றினால், குறை ஆய எண்களில் இருக்கும். சில பிழைகள் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும். மீஞ்சூர் ஏறக்குறைய வட அட்சம் 13.27 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 80.27 பாகையிலும் உள்ளது. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் மீஞ்சூர்க் கிணறு ஐரோப்பாவுக்கு வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவையும் கடந்து உறைபனிக் கடலில் விழும். இரண்டும் சூனியமாக இருந்தால் ஆப்பிரிக்காவின் மேற்கேயுள்ள கினி வளைகுடாவில் விழும்.

மீட்டர் அளவையில் வரைந்த படங்களுக்கு மண்டல எண் அவசியம். சென்னை 44-ஆம் மண்டலத்திலும் கோயமுத்தூர் 43-ஆம் மண்டலத்திலும் உள்ளன. திருவொற்றியூர்ப் படத்துக்கு 43 என்று குறித்தால், அது ஏறக்குறைய 650 கிலோமீட்டர் மேற்கே சென்று மங்களூருக்கு அப்பால் அரபிக் கடலில் தோன்றும்.

கண்ணை ஏமாற்றும் பிழைகளே அதிக அபாயமானவை. 13.16 பாகை என்பதை 13 பாகை 16 கலை என்று படித்தால், திருவொற்றியூர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்து மீஞ்சூர் மட்டத்துக்குப் போய்விடும். அங்கும் வயல் இருப்பதால் பிழை தெரியாது. பழைய சர்வேப் படங்கள் எவரெஸ்ட் என்னும் பூகோள அளவையை ஒட்டியவை. இக்காலச் செயற்கைக்கோள் கருவிகள் 1984-ஆம் வருஷத்து உலக அளவையை ஒட்டியவை. தக்க மாற்றம் செய்யாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால், இப்பகுதியில் 100 மீட்டருக்கு மேலாக விலகும். அது ஒருவர் வயலை அடுத்தவர் வயலின்மேல் வைக்கப் போதுமான தூரம்.

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரைப் பெருமளவில் இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்திருப்பது பல்லாண்டுகளாக அறிந்ததே. எந்தக் கிணறு எவ்வளவு உவர்த்தது என்று படத்தில் குறித்தே எதை விதைக்கலாம் என்று ஆலோசனை கூறுகிறோம். கிணறு இடம்பெயர்ந்தால் ஆலோசனையும் இடம்பெயரும். ஆகையால் கோவில், ஏரிக் கலங்கல், ரயில் கேட் போன்ற அசையாத மூன்று இடங்களையாவது தரையில் அளந்து, படத்தில் சரியாக விழுகின்றனவா என்று பார்த்த பின்பே மற்றவற்றை நம்பவேண்டும்.

பெயரும் விஸ்தீரணமும்

பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றினால், அவை பழைய எழுத்துரு முறையில் தட்டப்பட்டவை. 2010-இல் தமிழ்நாட்டு சர்க்கார் யூனிகோடு முறையை அங்கீகரித்தனர். பழைய பட்டியல்களைத் தக்க மாற்றியால் யூனிகோடாக்கிய பிறகே இணைக்கவேண்டும். குறிகளைக் கண்டு பெயர்களை ஊகித்துத் தட்டலாகாது.

விஸ்தீரணத்தில் நேரும் பிழை அதனினும் கொடிது. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் தனித்தனியே இருக்கும். 1 ஹெக்டேர் 5 ஏர் என்பதை 1.05 என்று எழுதவேண்டும், 1.5 என்று எழுதினால் 45 ஏர், அதாவது ஒரு ஏக்கருக்கும் மேல், இல்லாத நிலம் உண்டாகும். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 1 ஏக்கர் 40.47 ஏர் என்பதை நினைவில் வைக்க. படத்திலிருந்து கணக்கிட்ட பரப்பும் பட்டாவின் பரப்பும் சிறிது வேறுபடுதல் இயல்பு. மிகுதியாக வேறுபட்டால் இரண்டில் எதையும் திருத்தாமல் சர்வேயரைக் கொண்டு அளக்கச் செய்க.

பாதுகாப்பு முறைகள்

மூலப் பதிவேடு ஒன்றே இருத்தல் வேண்டும். அதன் பிரதிகள் மூன்று, இருவேறு சாதனங்களில், ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் கண்ட இப்பகுதியில், தரையில் வைத்த யந்திரமும் அதனருகே வைத்த பிரதியும் ஒரே இரவில் நனைந்துபோகும். பிரதியெடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை திறந்தும் பார்க்கவேண்டும். கோப்பின் பெயரில் தேதி இருக்கவேண்டும். கைப்பேசி வழியாக அனுப்பிய பட்டியலில் ஒருவர் திருத்தியதையும் மற்றொருவர் திருத்தியதையும் பின்னர் ஒட்டவைக்க முற்படுவது குழப்பத்துக்கு விதை. திருத்தியவர், திருத்திய நாள், அதற்குரிய உத்தரவு ஆகிய மூன்றும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிற்கவேண்டும். பார்ப்பவர் அனைவருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தல் தகாது.

படமும் பூமியும்

படமும் பதிவேடும் இசைந்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பிய பின்னர், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் கரை அரிக்கப்பட்டது. கடல் கொண்ட நிலத்துக்கும் பழைய பதிவேட்டில் எண் இருக்கும். படத்தில் எல்லையும் இருக்கும். முடிச்சில் குறையில்லை, அலை மட்டும் சம்மதிக்கவில்லை.

இதற்கு மறுதலையாக, பூமியில் இருப்பது படத்தில் இல்லாமற்போவதும் உண்டு. 1996-இல் மத்திய சர்க்கார் அங்கீகரித்த கரையோரப் படத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாகக் காட்டப்பட்டிருந்தது என்றும், பின்னர் வெளிப்பட்ட வேறொரு படத்தில் அக்கழிமுகம் காணப்படவில்லை என்றும், 2017-இல் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் முறையிட்டனர். கொசஸ்தலையாற்றின் வெள்ளம் கடலுக்குச் செல்லும் வழி அது. படத்தில் நீர் இல்லையென்றால் நிரப்புவதற்குத் தடையில்லை; நிரப்பினால் மேலேயுள்ள வயல்களின் நீர் வடிய வழியில்லை. ஒரு படத்துக்கு இரண்டு பிரதிகள் இருந்து, எது மூலம், எந்தத் தேதியது என்று தெரியாமற்போவதன் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

நிலமுடையோர் செய்யவேண்டுவது

பட்டா நகல், புலப்பட நகல், பழைய பத்திரம் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து, கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நாற்புறத்து எல்லை ஆகியவை இசைகின்றனவா என்று பார்க்க. வேறுபாடு கண்டால் அதை எழுத்தில் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்க. 'கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை' என்ற பதிலோடு திரும்பாமல், திரையில் தோன்றிய செய்தி யாது என்று வினவி எழுதிவருதல் நன்று. சொர்ணவாரி அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடையேயுள்ள ஓய்வுக் காலமும், ஜமாபந்திக்கு முந்திய வாரங்களும் இதற்கு ஏற்றவை. வெள்ளம் வந்தபின் பதிவேட்டைத் தேடுதல், வெள்ளம் வந்தபின் வரப்பைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

கிராம அதிகாரிகள் வெறுமையாய்த் தோன்றும் ஒவ்வொரு புலத்தையும் தனிப் பட்டியலாக எடுத்து, அது வழியின் குறையா, முடிச்சின் குறையா, இடத்தின் குறையா, எழுத்தின் குறையா, அளவின் குறையா என்று வகுத்து எழுதி வைப்பார்களாயின், பெரும்பாலானவை ஒரே காரணத்தால் நேர்ந்தவை என்பது புலனாகும். ஒரு காரணத்தை நீக்க, பல புலங்கள் ஒருசேரப் படத்துக்குத் திரும்பும். இவ்வேலையை அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே முடித்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.